எழுதி வைக்காத முடிவுக்கு யாரிடம் கணக்குக் கேட்பது? ஹோலிரூடும் ஸ்டோர்மான்டும்

கிளைட்கரை:

ஸ்காட்லாந்தின் போர்ட் கிளாஸ்கோவில் உள்ள ஃபெர்குசன் கப்பல் கட்டும் தளத்தில் 2017 நவம்பரில் ‘கிளென் சானக்ஸ்’ என்ற பயணிகள் படகு நீரில் இறக்கப்பட்டபோது, அன்றைய ஸ்காட்லாந்து முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் நேரில் வந்து விழாவை நடத்திவைத்தார். கப்பலைச் செலுத்தும் மேல்தளத்துக்கு அன்று சன்னல்கள் பொருத்தப்படவில்லை. சன்னல் இருக்க வேண்டிய இடங்களில் கறுப்பு வண்ணம் பூசியிருந்தார்கள். அந்தப் புகைப்படம் இன்றும் சுற்றி வருகிறது. ஆனால் என்னை உறுத்துவது வண்ணம் பூசிய சன்னல் அல்ல, அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர் எடுக்கப்பட்ட ஒரு முடிவும், அந்த முடிவுக்கான காரணம் எங்கும் எழுதப்படாமல் போனதும்தான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்கு இரண்டு படகுகள் கட்டித்தர 2015 அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. விலை 9.7 கோடி பவுண்ட் என்று முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட நிலையான விலை. இரண்டும் 2018இல் கைக்கு வந்திருக்க வேண்டும். கப்பல் கட்டும் தொழிலில், வேலை பாதியில் நின்றால் கொடுத்த முன்பணத்தைத் திருப்பித் தருவதாகக் கட்டுபவர் தரும் உத்தரவாதம் ஒன்று வழக்கமாகவே கேட்கப்படும். ஃபெர்குசன் நிறுவனம் அதை முழுமையாகத் தர இயலாது என்று கூறிவிட்டது. படகுகளின் உரிமையாளராக இருக்கும் அரசு நிறுவனமான சி.எம்.ஏ.எல். தன் கவலையை எழுத்திலேயே தெரிவித்தது. அதற்குப் பின்னும் அமைச்சர் தரப்பு ஒப்புதல் கொடுத்தது. 2019இல் தளம் திவாலாகி அரசுடைமை ஆக்கப்பட்டது. கிளென் சானக்ஸ் முதல் பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது 2025 ஜனவரியில். இரண்டாவதான கிளென் ரோசா 2024 ஏப்ரலில்தான் நீரில் இறங்கியது. செலவு தொடக்க விலையைப் போல் நான்கு மடங்குக்கும் மேலே போய்விட்டது. ஆரன் தீவில் மருத்துவமனைத் தேதிக்காகப் படகை நம்பியிருப்பவர்கள் இத்தனை ஆண்டுகளும் பழைய கப்பல்களின் பழுதுகளோடு மல்லுக்கட்டினார்கள்.

இனி ஹோலிரூடுக்கு, அதாவது ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு வருகிறேன். 2020 டிசம்பரில் ஊரகப் பொருளாதாரக் குழு கடுமையான அறிக்கை தந்தது. 2022 மார்ச்சில் தலைமைத் தணிக்கையாளர் ஸ்டீபன் பாயிலின் அறிக்கை வந்தது. உத்தரவாதம் இல்லாத இடரை அமைச்சர்கள் ஏன் ஏற்றுக்கொண்டார்கள் என்பதை விளக்கப் போதுமான ஆவணச் சான்று இல்லை என்று அதில் அவர் எழுதினார். இரண்டு மாதம் கழித்து அரசு ஒரு மின்னஞ்சலைத் தேடி எடுத்து வெளியிட்டது. அன்றைய போக்குவரத்து அமைச்சர் டெரெக் மெக்காய் ஒப்புதல் தந்தார் என்பது அதிலிருந்து தெரிந்தது. ஏன் தந்தார் என்பது தெரியவில்லை. பிறகு பொதுத் தணிக்கைக் குழு முதலமைச்சரையே அழைத்து விசாரித்து, 2023 மார்ச்சில் தன் அறிக்கையை வெளியிட்டது. பதிவேடுகளைப் பேணாத குறையை அதுவும் சுட்டிக்காட்டியது. அத்தனை விசாரணைகளுக்கும் பின்னர் ‘ஏன்’ என்ற இடம் வெற்றிடமாகவே நிற்கிறது.

என் கருத்தை நேராகவே வைக்கிறேன். ஒரு குழுவுக்கு எவ்வளவு அதிகாரம் கொடுத்தாலும், முடிவெடுத்த நாளன்று காரணத்தை எழுதி வைக்கும் கடமை அரசுக்கு இல்லை என்றால் அந்தக் குழு செய்வது விசாரணை ஆகாது. ஏழாண்டுக்குப் பிந்தைய நினைவுகளைச் சேகரிப்பதாகவே முடியும்.

லாகன் ஆறு:

கிளைட்கரை அவர்களுக்கு வணக்கம். நீங்கள் சொல்வதை இன்னும் கொடுமையான வடிவில் வட அயர்லாந்தில் பார்த்துவிட்டோம். அங்கே எழுதாமல் விட்டது மறதியால் அல்ல, அது ஒரு பழக்கமாகவே இருந்தது.

2012 நவம்பரில் வணிக நிறுவனங்களுக்கும் பண்ணைகளுக்கும் ‘புதுப்பிக்கத்தக்க வெப்ப ஊக்கத்தொகைத் திட்டம்’ தொடங்கப்பட்டது. எண்ணெய்க் கொதிகலனைக் கைவிட்டு, மரத்தூளை அழுத்திச் செய்த வில்லைகளை எரிக்கும் கொதிகலனுக்கு மாறினால், 20 ஆண்டுகளுக்கு மானியம். நடுத்தர அளவுள்ள கொதிகலனுக்கு ஒரு யூனிட் வெப்பத்துக்கு 5.9 பென்ஸ் மானியம் என்று விதித்தார்கள். அந்த ஒரு யூனிட்டுக்கு ஆகும் எரிபொருளின் செலவோ 4.39 பென்ஸ் என்று திட்டத்துக்காகக் கணக்கிட்ட ஆலோசகர்களே குறித்திருந்தார்கள். இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும்: எரிக்க எரிக்க லாபம். பிரிட்டனின் திட்டத்தில் ஆண்டுக்கு 1,314 மணி நேரத்துக்கு மேல் எரித்தால் மானியம் வெகுவாகக் குறைந்துவிடும் என்ற படிநிலை இருந்தது. வட அயர்லாந்து விதிகளில் அந்த வரியே இல்லை. யாரும் இல்லாத கொட்டகையைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று பின்னாளில் புகார்கள் வந்தது இதனால்தான். 2015இல் கட்டுப்பாடு வரப்போகிறது என்ற செய்தி பரவியதும் சில மாதங்களுக்குள் ஆயிரத்தை ஒட்டிய விண்ணப்பங்கள் குவிந்தன. 20 ஆண்டுகளில் 49 கோடி பவுண்ட் வரை கூடுதல் செலவாகலாம் என்று மதிப்பிடப்பட்டது.

இந்த விதிகள் ஸ்டோர்மான்டின், அதாவது வட அயர்லாந்து சட்டமன்றத்தின் துறைக்குழு வழியாகத்தான் போயின. குழு பார்த்தது, அவை ஒப்புக்கொண்டது. விதிகளில் கையெழுத்திட்ட அமைச்சர் ஆர்லீன் ஃபோஸ்டர், அவற்றைத் தாம் வாசிக்கவில்லை என்று பின்னர் விசாரணையில் கூறினார். இதற்கெல்லாம் மேலாக என்னை நிலைகுலைய வைத்தது 2018 மார்ச்சில் வந்த ஒரு சாட்சியம். அப்போது வட அயர்லாந்து அரசுப் பணியின் தலைவராக இருந்தவரும், திட்டம் தொடங்கியபோது அதை நடத்திய துறையின் செயலாளராக இருந்தவருமான டேவிட் ஸ்டெர்லிங், அமைச்சர்களோடு நடந்த கூட்டங்களுக்குக் குறிப்பு எடுக்காமல் விடும் வழக்கம் இருந்தது என்று ஒப்புக்கொண்டார். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் அந்தக் குறிப்புகள் வெளியே போனால் விமரிசனம் வரும் என்று இரண்டு பெரிய கட்சிகளும் கூசியதே அதற்குப் பின்னணி.

இந்தத் திட்டத்தை ஆராய்ந்த, சர் பேட்ரிக் கோக்லின் தலைமையிலான விசாரணை 2020 மார்ச்சில் 319 கண்டறிதல்களையும் 44 பரிந்துரைகளையும் தந்தது. பெரும்பாலும் இது ஊழல் அல்ல, அடுக்கடுக்கான தவறுகளின் விளைவு என்றே அது முடிவு செய்தது. சட்டமன்றக் குழுக்களின் கண்காணிப்பை வலுப்படுத்த வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று. ஊழல் என்றிருந்தால் ஒருவரைத் தண்டித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். தவறுகளை அவை நடக்கும்போதே பிடிக்க வேண்டிய இடம் சட்டமன்றம், அது அன்று வெறும் கையோடு உட்கார்ந்திருந்தது.

பொதுக்கணக்கு:

இரண்டு பதிவுகளையும் கவனமாக வாசித்தேன். உண்மைகளில் எனக்கு வேறுபாடு இல்லை, நோய்க்காரணம் காகிதம் என்பதில்தான் வேறுபடுகிறேன். காகிதம் இருந்தும் கேட்காத குழுக்களை நாம் பார்த்திருக்கிறோம்.

ஹோலிரூடை வடிவமைத்தவர்கள் மேலவை வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அந்த வேலையைக் குழுக்கள் செய்யும் என்பது கணக்கு. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தில் சட்டமுன்வடிவை வரிக்கு வரி பார்க்கும் குழு வேறு, துறையை விசாரிக்கும் குழு வேறு. ஹோலிரூடில் ஒரே குழு இரண்டையும் செய்கிறது. சட்டமுன்வடிவுகள் வரிசையாக வந்து நிற்கும்போது விசாரணை தள்ளிப்போகிறது. குழு இடங்கள் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பிரிக்கப்படுகின்றன. தேர்தல் முறையைப் பார்த்தால் ஒரு கட்சி தனிப்பெரும்பான்மை பெறுவது அரிது என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். 2011இல் 129 இடங்களில் 69ஐ ஸ்காட்லாந்து தேசியக் கட்சியான எஸ்.என்.பி. பிடித்தது. அடுத்த ஐந்தாண்டுகள் குழுக்களிலும் ஆளுங்கட்சியின் கையே ஓங்கியிருந்தது. ஃபெர்குசன் ஒப்பந்தம் கையெழுத்தான 2015 அந்தக் காலத்துக்குள் வருகிறது என்பதைக் கிளைட்கரை அவர்கள் கவனிக்க வேண்டும்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. முன்னாள் முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்ட் மீதான புகார்களை ஸ்காட்லாந்து அரசு கையாண்ட விதம் சட்டத்துக்குப் புறம்பானது என்று 2019 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் உச்ச உரிமையியல் நீதிமன்றத்தில் முடிவானது. வழக்குச் செலவாக அரசு 5,12,250 பவுண்ட் கட்டியது. பிறகு அதை ஆராய அமைத்த சிறப்புக் குழுவில் ஒன்பது பேர், அதில் ஆளுங்கட்சியினர் நால்வர் மட்டுமே. வழக்கில் தோற்போம் என்று வழக்கறிஞர்கள் எப்போது எச்சரித்தார்கள் என்பதைக் காட்டும் சட்ட ஆலோசனையைத் தர முடியாது என்று அரசு மறுத்தது. 2020 நவம்பரில் நாடாளுமன்றம் இருமுறை வாக்களித்துக் கேட்டது. அதற்கும் பதில் இல்லை. துணை முதலமைச்சர் ஜான் ஸ்வின்னி மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரும் என்ற நிலை வந்த பிறகே, 2021 மார்ச்சில் ஆவணங்கள் வெளியே வந்தன. அங்கே காகிதம் இருந்தது. அதை வெளியே இழுத்தது அவையின் எண்ணிக்கை. பெரும்பான்மை அரசாக இருந்திருந்தால் அந்தக் காகிதத்தை நாம் பார்த்தே இருக்க மாட்டோம்.

வாசகி:

ஒரு சந்தேகம். நாடாளுமன்றக் குழுவுக்கு ஆவணத்தைக் கட்டாயப்படுத்திப் பெறும் சட்ட அதிகாரமே கிடையாதா? வாக்கெடுப்பு, அச்சுறுத்தல் என்று அரசியலாகத்தான் கேட்க வேண்டுமா?

கிளைட்கரை:

வாசகி அம்மா, அதிகாரம் உண்டு. 1998ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து சட்டத்தின் 23ஆம் பிரிவு சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் நாடாளுமன்றத்துக்கு உரிமை தருகிறது. முறையான அழைப்பை மறுப்பது 25ஆம் பிரிவின்படி குற்றம், மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. நடைமுறையில் குழுக்கள் இதைத் தொடுவதே அபூர்வம். சால்மண்ட் விவகாரத்தில் அரசு வழக்குத் தொடுப்புத் துறையிடம் ஆவணங்கள் பெற இந்தப் பிரிவைப் பயன்படுத்தினார்கள்.

பொதுக்கணக்கு ஐயாவின் வாதத்தை மதிக்கிறேன். எண்ணிக்கை இல்லாமல் ஆவணம் வெளிவராது என்பது உண்மை. ஆனால் 23ஆம் பிரிவு அழைக்கக்கூடியது இருக்கின்ற ஆவணத்தை மட்டுமே. 2022இல் படகு விவகாரத்தை விசாரித்தபோது ஆளும் எஸ்.என்.பி.க்குத் தனிப்பெரும்பான்மை இல்லை, தணிக்கைக் குழுவின் தலைமையும் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ரிச்சர்ட் லெனார்டிடம் இருந்தது. தணிக்கையாளரும் துணை நின்றார். நீங்கள் கேட்கும் எல்லாமும் அங்கே அமைந்திருந்தன. அப்படியும் கையில் சிக்கியது காரணம் சொல்லாத ஒரு மின்னஞ்சல்.

டாஃப் பாலம்:

கார்டிஃபிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே கேள்வி இன்னும் எளிமையானது: கேட்பதற்கு ஆள் இருக்கிறதா?

வேல்ஸ் சட்டமன்றமான செனெட்டில் 1999 முதல் 2026 தேர்தல் வரை 60 உறுப்பினர்கள். முதலமைச்சரோடு அமைச்சர்கள், துணை அமைச்சர்கள், அரசின் சட்ட ஆலோசகர் என்று 14 பேர் வரை அரசுப் பக்கம் போய்விட முடிந்தது. அவைத் தலைவரையும் துணைத் தலைவரையும் கழித்தால் எஞ்சியது 44 பேர். அத்தனை குழுக்களையும் இவர்களே நிரப்ப வேண்டியிருந்தது. ஒரே உறுப்பினர் காலையில் ஒரு குழுவில் சுகாதாரச் செலவையும் மாலையில் இன்னொன்றில் பள்ளிக் கல்வியையும் பார்த்தார். கார்டிஃப் மாநகராட்சியிலேயே 79 உறுப்பினர்கள் இருக்கிறார்கள் என்றால் வேறுபாடு விளங்கும். எண்ணிக்கையை 80 ஆக்கலாம் என்று ரிச்சர்ட் ஆணையம் 2004இலேயே சொன்னது. 2017இல் பேராசிரியர் லாரா மெக்காலிஸ்டர் தலைமையிலான வல்லுநர் குழு 80 முதல் 90 வரை என்றது. கடைசியில் 2024இல் நிறைவேறிய சட்டம் 2026 தேர்தலிலிருந்து 96 என்று நிர்ணயித்தது. அரசியல்வாதிகளுக்குச் செலவு செய்வதா என்று எரிச்சல்படுவோரின் கோபம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் கோடிக்கணக்கான பவுண்ட் வரவுசெலவைப் பார்க்கும் ஆட்களுக்கு அதை வாசிக்க நேரம் வேண்டும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

எண்ணிக்கையை உயர்த்தியபோதே, உறுப்பினர்களைக் கட்சிகள் வரிசைப்படுத்திய பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் முறையையும் கொண்டுவந்தார்கள். வாக்காளர் ஒரு கட்சிக்கு வாக்களிக்கிறார், யார் முதலில் உள்ளே போவது என்பதைக் கட்சி முடிவு செய்கிறது. தன் கட்சி அமைச்சரை விசாரிக்கும் உறுப்பினர் அடுத்த பட்டியலில் தன் இடம் எத்தனையாவதாக இருக்கும் என்று எண்ணாமல் இருப்பாரா? ஆள் கூடியிருக்கிறது, துணிவு கூடுமா என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது.

பழைய கோப்பு:

நான் இங்கிலாந்தின் ஓர் உள்ளாட்சி மன்றத்தில் நெடுங்காலம் கூட்டக் குறிப்பு எழுதும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் ‘எழுதி வை’ என்ற கோரிக்கையின் மறுபக்கத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கூட்டம் முடிந்து நான் தயாரிக்கும் வரைவில், ‘இந்த விலைக்கு முடியாது என்று பொறியாளர் எச்சரித்தார், உறுப்பினர் அதை ஏற்கவில்லை’ என்று இருக்கும். வரைவு சுற்றுக்குப் போகும். முதல் சுற்றில் ‘எச்சரித்தார்’ என்பது ‘கருத்துத் தெரிவித்தார்’ ஆகும். அடுத்த சுற்றில் பொறியாளர் மறைந்து ‘விலை குறித்து விவாதிக்கப்பட்டது’ என்று நிற்கும். கையெழுத்தாகி வரும் பிரதியில் ‘அறிக்கை குறித்துக்கொள்ளப்பட்டது’ என்பது மட்டும் இருக்கும். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் பத்தாண்டு கழித்து வரும் தணிக்கையாளருக்கு அதில் ஒரு பயனும் இல்லை. பதிவு செய்வதைக் கட்டாயமாக்கினால் இப்படிப்பட்ட பதிவுகள்தான் பெருகும். உண்மையான பேச்சு கூட்டத்துக்கு முன்னால் நடைபாதையிலும் கைபேசியிலும் முடிந்துவிடும்.

ஸ்டெர்லிங்கின் சாட்சியம் சொல்வதும் அதுதானே? தகவல் அறியும் உரிமை வந்தது, குறிப்பு நின்றது. கோவிட் விசாரணையிலும் அதைத்தான் பார்த்தோம். 2024 ஜனவரியில் எடின்பரோவில் நடந்த அமர்வுகளில், பெருந்தொற்றுக் காலத்து வாட்ஸ்அப் செய்திகளைத் தாம் வைத்திருக்கவில்லை என்று ஸ்டர்ஜன் ஒப்புக்கொண்டார். அரசின் மூத்த மருத்துவ அதிகாரி ஒருவர், அவற்றை அழிப்பதைத் தூங்கப்போகும் முன் செய்யும் சடங்கு என்று சக அலுவலர்களுக்கே எழுதியிருந்தது வெளியானது. முக்கிய முடிவுகள் முறையான பதிவுகளில் சேர்க்கப்பட்டன என்பது அரசின் விளக்கம். பிறகு அரசுக் கைபேசிகளில் வாட்ஸ்அப் பயன்பாட்டை நிறுத்துவதாக அறிவித்தார்கள். ஒரு கதவை அடைத்தால் அடுத்த கதவு திறக்கும் என்பதே என் அனுபவம்.

லாகன் ஆறு:

பழைய கோப்பு ஐயா விவரித்த அந்த மூன்று சுற்றுகள் என் மனதை விட்டு அகலாது. ஆனாலும் அதிலிருந்து நான் வேறு முடிவுக்கு வருகிறேன். ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று எழுதவாவது ஒருவர் அந்த அறையில் இருந்தார். யார் வந்தார்கள், எந்த அறிக்கை மேசையில் இருந்தது என்பதாவது மிஞ்சியது. கோக்லின் விசாரணை மாதக்கணக்கில் சாட்சிகளை உட்காரவைத்துத் தேடியது இந்த அடிப்படை விவரங்களைத்தான். அமைச்சருக்குச் சொன்னேன் என்பார் அதிகாரி, எனக்குச் சொல்லவில்லை என்பார் அமைச்சர், இடையில் சிறப்பு ஆலோசகர் வேறொன்று சொல்வார்.

அதன் பலனாக ஒரு நல்ல காரியம் நடந்தது. சட்டமன்ற உறுப்பினர் ஜிம் அலிஸ்டர் தனிநபர் சட்டமுன்வடிவாகக் கொண்டுவந்து, 2021இல் சட்டமானது ஒன்று இருக்கிறது. அமைச்சர்களின் அலுவல் சார்ந்த சந்திப்புகளில் அரசு அலுவலர் உடனிருந்து குறிப்பு எடுக்க வேண்டும் என்பதை அது சட்டக் கடமையாக்கியது. அலிஸ்டரின் அரசியலோடு எனக்குச் சிறிதும் உடன்பாடு இல்லை. ஆனால் 90 பேர் அவையில் தன் கட்சிக்கு ஒரே இடம் வைத்திருந்த ஒருவர் இதைச் சாதித்தார் என்பதை மனமாரப் பாராட்டுகிறேன்.

பொதுக்கணக்கு ஐயா எண்ணிக்கையைப் பற்றிப் பேசினார். ஸ்டோர்மான்டில் எண்ணிக்கையே தனிக் கதை. 2016 டிசம்பர் 19 அன்று, அதற்குள் முதலமைச்சராகியிருந்த ஃபோஸ்டரைப் பதவியிலிருந்து விலக்கக் கோரும் தீர்மானம் வாக்குக்கு வந்தது. ஆதரவாக 39, எதிராக 36. தீர்மானம் தோற்றது! பிரிட்டனோடு இருக்க விரும்புவோர், அயர்லாந்தோடு இணைய விரும்புவோர் என்ற இரு சமூகத்தாரின் பெரும்பான்மையும் தனித்தனியே வேண்டும் என்ற விதி அங்கே உண்டு. ஒரு சமூகம் மற்றதை ஆட்டிப் படைக்கக் கூடாது என்பதற்காக 1998 அமைதி உடன்படிக்கையில் வைத்த காப்பு அது. அந்தக் காப்பு தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. கொதிகலன் மானியத்துக்கும் சமூகப் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு என்பதுதான் என் கேள்வி. அவைக்குள் பதில் கிடைக்காத விவகாரம் அவையையே சாய்த்தது. அடுத்த மாதம் துணை முதலமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் பதவி விலகினார், ஸ்டோர்மான்ட் மூன்றாண்டுகள் பூட்டிக் கிடந்தது. மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியல்கள் நீண்டுகொண்டே போன அந்த ஆண்டுகளில் கேட்பதற்குக் குழுவும் இல்லை, பதில் சொல்ல அமைச்சரும் இல்லை.

வாசகி:

அரசுக் கோப்பு பேசாத இடத்தில் மக்கள் பேசிக் குழுவை அசைத்த நிகழ்வு ஒன்றும் ஹோலிரூடில் உண்டு. பெண்களின் உடலில் பொருத்தப்பட்ட செயற்கை வலையால் தீராத வலிக்கு ஆளான பெண்கள் 2014இல் பொது மனுக் குழுவுக்கு மனுக் கொடுத்தார்கள். சக்கர நாற்காலியில் வந்து சாட்சி சொன்னவர்களும் அவர்களில் இருந்தார்கள். அந்த ஆண்டே சுகாதாரச் செயலர் அலெக்ஸ் நீல் இந்தச் சிகிச்சையை நிறுத்திவைக்குமாறு மருத்துவ வாரியங்களைக் கேட்டுக்கொண்டார். இடையில் 2017இல் வந்த மறுஆய்வு அறிக்கை அவர்களை ஏமாற்றியது. அந்த மறுஆய்வு நடத்தப்பட்ட விதத்தையே பேராசிரியர் அலிசன் பிரிட்டன் 2018இல் கடுமையாகக் குறைகூறினார். அதே ஆண்டு சிகிச்சைக்கு முழுத் தடை வந்தது. தனியார் மருத்துவமனையில் வலையை அகற்றிக்கொண்டவர்களுக்குச் செலவைத் திருப்பித் தர 2022இல் சட்டமே இயற்றினார்கள். எட்டு ஆண்டுகள் மிக நீண்டவைதான். ஆனால் அந்த மனு ஆண்டுக்கணக்கில் குழுவின் நிகழ்ச்சி நிரலில் இருந்தது.

பொதுக்கணக்கு:

வாசகி அவர்கள் சொன்னது குழு முறையின் சிறந்த பக்கம். அங்கே சாட்சிகள் தங்கள் உடலையே ஆவணமாகக் கொண்டுவந்தார்கள். ஒரு ஒப்பந்தத்துக்கு அப்படிப்பட்ட சாட்சி கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே என் நிலையைச் சற்று விரித்துச் சொல்கிறேன். குழுத் தலைவர்களைக் கட்சித் தலைமைகள் பேசி முடிவு செய்யாமல், உறுப்பினர்கள் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஜான் மெக்கார்மிக் தலைமையிலான நாடாளுமன்றச் சீர்திருத்த ஆணையம் 2017இல் பரிந்துரைத்தது. வெஸ்ட்மின்ஸ்டரில் 2010 முதல் அப்படித்தான் நடக்கிறது. அவையிடம் வாக்குப் பெற்று வந்த தலைவருக்குக் கொறடாவைவிட அவைமீது கடப்பாடு அதிகம். 23ஆம் பிரிவை எடுக்கத் தயங்காத தலைவர் இருந்தால்தான், எழுதி வைக்காமல் விடும் அதிகாரிக்கும் அச்சம் வரும். கிளைட்கரை அவர்களே, எழுதும் கடமையை யார் அமல்படுத்துவது என்பதற்கு உங்களிடம் விடை இருக்கிறதா?

கிளைட்கரை:

இருக்கிறது ஐயா. அந்த விடை ஏற்கெனவே சட்டப் புத்தகத்தில் உறங்கிக்கொண்டிருக்கிறது.

2000ஆம் ஆண்டின் பொது நிதிச் சட்டத்தின்படி ஒவ்வொரு துறையிலும் கணக்குக்குப் பொறுப்பேற்கும் மூத்த அலுவலர் ஒருவர் உண்டு. அமைச்சர் செய்யச் சொல்லும் செலவு பணத்துக்கு ஏற்ற பயன் தராது என்று அவர் கருதினால், ‘எழுத்தில் ஆணை கொடுங்கள், செய்கிறேன்’ என்று கேட்க வேண்டும். ஆணையின் நகல் தலைமைத் தணிக்கையாளருக்குப் போகும். 2015இல் உத்தரவாதம் இல்லாமல் ஒப்பந்தம் போட்டபோது அப்படி ஓர் ஆணை கேட்கப்படவில்லை.

2023இல் நடந்ததைப் பாருங்கள். கிளென் ரோசாவைக் கட்டி முடிப்பதா, கைவிட்டுவிட்டு வேறிடத்தில் புதிதாக வாங்குவதா என்று கணக்குப் பார்த்தார்கள். புதிதாக வாங்குவதே மலிவு என்று கணக்குக் காட்டியது. ஆனாலும் போர்ட் கிளாஸ்கோவின் வேலைவாய்ப்பையும் தீவுகளுக்குக் கப்பல் விரைவாக வேண்டும் என்பதையும் காரணமாகக் காட்டி, பொருளாதாரச் செயலர் நீல் கிரே எழுத்து வழி ஆணை கொடுத்தார். மே மாதம் அவையில் எழுந்து அதை அறிவித்தார். அந்த முடிவு சரியா தவறா என்பதில் இங்கேயே இரு கருத்து இருக்கும். எனக்கே அதில் மனநிறைவு இல்லை. ஆனால் யார் முடிவெடுத்தார், எதிரான கணக்கு என்ன, அதை மீறியதற்கு என்ன காரணம் என்ற மூன்றுக்கும் தேடல் தேவைப்படவில்லை. குழு அந்தக் காரணத்தோடு நேரடியாக வாதிட முடிந்தது. ஒரே தளம், ஒரே கப்பல் வரிசை, எட்டாண்டு இடைவெளி.

பழைய கோப்பு ஐயாவின் எச்சரிக்கைக்கும் இதில் பதில் இருப்பதாக நினைக்கிறேன். கூட்டக் குறிப்பைச் சுற்றுக்கு விட்டு மழுங்கடிக்கலாம். ஆணையில் கையெழுத்திடுபவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், நகல் மூன்றாமவரிடம். ‘விவாதிக்கப்பட்டது’ என்று எழுத அங்கே இடமில்லை. எனவே குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் வழக்கமான உத்தரவாதம் ஒன்று விடுபட்டால், அலுவலரின் விருப்பத்துக்கு விடாமல், எழுத்து வழி ஆணை கட்டாயம் என்று ஆக்க வேண்டும். அந்த ஆணை இல்லாமல் பணம் வெளியே போனால் கணக்குப் பொறுப்பு அலுவலரே பொதுத் தணிக்கைக் குழுவின் முன் வந்து விளக்க வேண்டும்.

பழைய கோப்பு:

கையெழுத்தின் கீழே தேதியும் நேரமும் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு எழுதி, முந்தைய தேதி போட்ட காகிதத்தைக் குழு எப்படிக் கண்டுபிடிக்கும் என்று அடுத்த கேள்வி வரும். தணிக்கையாளருக்குப் போகும் நகல் அன்றே போனால் அந்தக் கேள்விக்கு இடமிருக்காது. அமைச்சரின் கையெழுத்துக்கும் தணிக்கையாளரின் முத்திரைக்கும் இடையே எத்தனை நாள் அனுமதிக்கலாம் என்று கேட்டால், ஒரு வேலைநாளுக்கு மேல் வேண்டாம் என்பேன்.